உள்ளூர்க் கம்பியும் வெளிநாட்டு டிஷ்ஷும்

மஸாஹிருக்குத் தெரியாத விஷயங்கள் உலகத்தில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவை எவை என்பதும் அவனுக்குத் தெரியாது. வவுனியா பட்டாணிச்சூரில், மன்னார் வீதியோரம் இருந்த அவன் வீட்டு முன்னறையில் ‘மஸாஹிர் நெட்’ என்று நீலப் பலகை தொங்கிய காலம் அது. சண்டை ஓய்ந்து சமாதானம் வந்து, வன்னிக்கூடாக வடக்கே போகும் ஏ-ஒன்பது பாதை திறந்திருந்தது. தண்ணீர் இறைக்கும் மெஷின் ஏன் இருமுகிறது என்பதிலிருந்து, கனடாவில் பனி ஏன் வெள்ளையாக இருக்கிறது என்பது வரைக்கும் அவனிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். விளக்கம் சரியா பிழையா என்பது வேறு விஷயம். கேட்டுவிட்டுப் போகிறவர் சிரித்துக்கொண்டுதான் போவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, மஸாஹிர் பிழைத்தது முக்கால்வாசி அந்த வாயால்தான்.

மிச்சக் கால்வாசி கையால். அந்தக் கை புத்தளத்தில் பழகிய கை. அவன் பிறந்தது முல்லைத்தீவில், முள்ளியவளைக்குப் பக்கத்துத் தண்ணீரூற்றில். வாப்பா அங்கே கச்சான் கடலை பயிரிட்டவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, இருபத்து மூன்று வயது இளந்தாரியாக மஸாஹிரும் ஒரு உடுப்புப் பையோடு நடந்தவன். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் சும்மா இருந்தால் மூளை பழுதாகிவிடும் என்று ரேடியோ திருத்தப் பழகினான். ரேடியோவிலிருந்து டிவி, டிவியிலிருந்து கணினி. அதே கொட்டில் வரிசையில் இருந்த, அதே ஊர் ஹாலிதாவைக் கல்யாணம் செய்தான். சமாதானம் வந்ததும் வவுனியாவுக்கு வந்து கடையைத் திறந்தான். வந்த கொஞ்சக் காலத்திலேயே, “நாங்க வவுனியா ஆக்கள்” என்று அவன் பேசத் தொடங்கியதைக் கேட்டு ஹாலிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஹாலிதா வேறு மாதிரி. ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவள் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். சோதனை எழுதக் கொடுத்து வைக்கவில்லை. பட்டாணிச்சூருக்கு வந்த பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்து, சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பித்தாள். தொண்டர் ஆசிரியை என்றால் வேலை முழுவதும் உண்டு, வேலை நிரந்தரம் மட்டும் இல்லை. உயர்தரம் சித்தியடைந்தவர்களை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்ற கதை அடிபட்டதும், அந்தச் சித்திரை மாதம் அவள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சோதனை எழுதினாள். முந்தித் தன்னிடம் சாதாரணதர டியூசனுக்கு வந்த பெட்டைகள் எழுதிய அதே சோதனையை, அவர்கள் கண்ணில் படாமல் வேறு மண்டபத்தில் இருந்து எழுதினாள். ஊருக்குச் சொல்லவில்லை, தோற்றால் வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பது? மஸாஹிருக்கு மட்டும்தான் தெரியும். அவன் வாயில் ஒரு விஷயம் நாலு மாதம் தங்கியது அதுதான் முதல் தடவை.

இனி அந்த இரண்டு லைன்களின் கதை.

கடையில் முதலில் இருந்தது டெலிபோன் கம்பி வழியாக வரும் இணைய லைன் ஒன்றுதான். பின்னேரமானால் அது நொண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் வெப்காமில் முகம் பார்க்க வருவார்கள். மகனின் வாய் இப்போது அசையும், சத்தம் பிறகு வரும். ஆகவே கொழும்புக் கம்பனி ஒன்றிடம் சொல்லி, செய்மதியிலிருந்து இணையம் இறக்குகிற ஒரு டிஷ்ஷும் கூரையில் பூட்டிக்கொண்டான். இரண்டையும் ஒரு வீட்டுக்குள் எப்படி வைத்திருப்பது என்று கொழும்பில் கணினிக் கடையில் வேலை செய்த மச்சினன் றிபாஸிடம் போனில் கேட்டான்.

“மச்சான், ரெண்டையும் றவுட்டர்ல குத்துங்க. உள்நாட்டுப் பக்கமெல்லாம் கம்பியால போகட்டும், அது கிட்ட. வெளிநாட்டுப் பக்கமெல்லாம் டிஷ்ஷால போகட்டும். அவ்வளவுதான்,” என்றான் றிபாஸ்.

றவுட்டர் என்றது விளக்குகள் மினுங்குகிற ஒரு சின்னப் பெட்டி. சந்தியில் நிற்கிற பொலிஸ்காரன் மாதிரி, வருகிறதை எல்லாம் மறித்து, “நீ இந்தப் பக்கம் போ, நீ அந்தப் பக்கம் போ,” என்று அனுப்புவது அதன் வேலை. ஒவ்வொரு இணையப் பக்கத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. உள்நாட்டுப் பக்கங்களின் இலக்கங்களைப் பெட்டிக்குள் எழுதி, இவை கம்பிக்கு என்று குறிக்க வேண்டும். குறிக்காதது எல்லாம் தன்பாட்டில் டிஷ்ஷுக்குப் போய்விடும். பக்கத்துத் தையல்கடை கமலாட்சி அக்காவுக்கு மட்டும் அந்தப் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. “தம்பி, உங்கட ரவுடி இண்டைக்கு நல்லா இருக்கிறாரோ?” என்று காலையில் கேட்டுவிட்டுத்தான் அவர் கடை திறப்பார். நாளடைவில் மஸாஹிரும் அதை ரவுடி என்றே கூப்பிடத் தொடங்கினான்.

ரவுடிக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, புருஷனும் பெண்சாதியுமாக இருந்தார்கள்.

“எது உள்நாடு, எது வெளிநாடு எண்டு எப்பிடித் தெரியும்?” என்று ஹாலிதா கேட்டாள்.

“இதென்ன கேள்வி? எழுத்தைப் பாத்தாத் தெரியாதே? தமிழ்ல கிடந்தா எங்கட. இங்கிலீசில கிடந்தா வெள்ளைக்காரன்ர.”

“அப்ப குர்ஆன் ஓதிற பக்கம் அரபில கிடக்கு?”

“அது மக்கா. டிஷ்ஷுக்கு விடுங்க.”

ஹாலிதாவுக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லைதான். ஆனால் தெரிந்தவன் போலப் பேசுகிறவனோடு தெரியாதவள் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது? யாழ்ப்பாணச் செய்தி, வன்னிச் செய்தி, மரண அறிவித்தல், கல்யாணப் பொருத்தம், கோயில் திருவிழா என்று தமிழில் கிடந்த அத்தனை பக்கமும் உள்ளூர் என்று எழுதப்பட்டுக் கம்பிக்குப் போனது. மஸாஹிர் எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டான்.

வெப்காம் உடனே திருந்திவிட்டது. கனடா மகன் வாயசைக்கும்போதே சத்தமும் வந்தது. ஊரெல்லாம் மஸாஹிர் புராணம்தான். அவனும் வருகிறவர்கள் எல்லோருக்கும், “வீட்டில ரெண்டு கிணறு இருக்கிற மாதிரி. குடிக்க ஒண்டு, குளிக்க ஒண்டு,” என்று விளக்கம் சொன்னான். தமிழ்ச் செய்திப் பக்கங்கள் மட்டும் முந்தியைவிட மெதுவாக வந்தன. யாராவது முறைப்பட்டால் அதற்கும் விளக்கம் இருந்தது. “எங்கட ஆக்கள் எப்ப நேரத்துக்கு வந்தவை? பேப்பர் மட்டும் வருமோ?” சிரிப்போடு அது முடிந்துவிடும். பொய்யை விட அரைகுறை அறிவு சந்தோஷமானது, அதில் கடை நன்றாக ஓடும்.

ஓடியது, சோதனை முடிவு வந்த நாள் வரைக்கும்.

அன்று சோளகம் பேய்க் காற்றாக வீசியது. மன்னார் வீதிப் புழுதி முழுவதும் முன்னறைக்குள் வந்து கதிரைகளில் குந்திக்கொண்டது. பரீட்சைத் திணைக்களத்தின் பக்கத்தில் முடிவுகளைப் போட்டுவிட்டார்கள் என்ற செய்தி காலையில் ரேடியோவில் வந்தது. கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுக்கச் சைக்கிள். ஹாலிதாவிடம் படித்த பெட்டைகள், அவர்களின் உம்மாமார், குருமன்காட்டுப் பக்கத்துப் பொடியள் என்று முன்னறை நிரம்பி வாசல் படலை வரைக்கும் ஆட்கள்.

ஹாலிதாவுக்கு அந்த நாள் மற்றவர்களை விட ஒரு முடிச்சு கூட. நேர்முகத்துக்குப் பெயர் பதிகிறதை வலயக் கல்விக் கந்தோரில் அன்று பின்னேரத்தோடு மூடுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதிபர் முடிவு எடுத்துக் கொடுப்பார். தனிப்பட்ட பரீட்சார்த்திக்குத் தபாலில்தான் வரும், தபால் எப்போது வரும் என்று தபால்காரருக்கே தெரியாது. நெட்டில் எடுத்த தாள் இருந்தால் போதும், அத்தாட்சியைப் பிறகு தாருங்கள் என்று கந்தோரில் சொல்லியிருந்தார்கள். அந்தத் தாள் அன்று கையில் வந்தால் நிரந்தர ஆசிரியை. வராவிட்டால் அடுத்த நேர்முகம் எந்தக் காலமோ.

பக்கம் திறக்கவில்லை.

வெள்ளைத் திரையில் மணிக்கூடு மாதிரி ஒன்று சுற்றிச் சுற்றி நின்று, கடைசியில் ‘காட்ட முடியாது’ என்று இங்கிலீசில் வந்தது. மஸாஹிர் பொத்தானைத் திரும்ப அமத்தினான். திரும்பச் சுற்றியது. கூரையில் ஏறி டிஷ்ஷை இழுத்துக் கட்டினான். கண்ணுக்குள் புழுதியோடு இறங்கி வந்து அமத்தினான். பக்கத்தின் மேல் கரை மட்டும் கொஞ்சம் தெரிந்து, அதோடு உறைந்துபோய் நின்றது.

“ரவுடிக்கு இண்டைக்கு என்ன பிடிச்சது?” என்று கமலாட்சி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“கொழும்பில ஆக்கள் கூட, அக்கா. நாடு முழுக்க ஒரே பக்கத்தை இழுக்குது,” என்று மஸாஹிர் சொன்னான். விளக்கத்துக்கு அன்றும் குறைவில்லை.

ஹாலிதா குசினி வாசலுக்கு அவனைக் கூப்பிட்டாள். “நான் டவுனுக்குப் போய் வேற கடையில பாக்கட்டே? அங்க வருதாம்.”

“நல்லா இருக்கு. மஸாஹிர்ர பொஞ்சாதி வேற கடையில போய் றிசல்ட்ஸ் பாத்ததெண்டா நாளைக்கு இந்தப் பலகையைக் கழட்டி அடுப்புக்குத்தான் வைக்கோணும். கொஞ்சம் பொறுங்க. வரும்.”

அவள் பொறுத்தாள். முன்னறை மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் ஓதிக்கொண்டு இருந்தாள். முக்காட்டு நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது கை. மத்தியானம் தாண்டியது.

இத்தனைக்கும் நடுவில், ஒருவர் மட்டும் உலகக் கவலை இல்லாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் வீரகத்தி. பூர்வீகம் வடமராட்சி; முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாயத் தொடங்கிய காலத்தில் காணி கிடைத்து வன்னிக்கு வந்து, வயலோடு வயலாகக் கிடக்கிற மனிதர். மாதத்துக்கு ஒருமுறை ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டி பஸ்ஸில் வந்து, கனடாவில் இருக்கிற மகள் வினோஜாவையும் பேரனையும் வெப்காமில் பார்த்துவிட்டுப் போவார். அவருடைய கணினியில் பேரன் பல்லைக் காட்டுவது கண்ணாடி போலத் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மஸாஹிருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணை, உங்களுக்கு மட்டும் எப்பிடித்தான் வருதோ,” என்றான்.

“ஏன் தம்பி, கனடா கிட்டவெல்லே,” என்று வீரகத்தி பகிடி விட்டார். பிறகு நினைவு வந்தவர் போல, “அதுசரி, எங்கட ஊர்ச் செய்தி போடுற பக்கம் இருக்கே, நீங்கள் காலமை திறந்து வைக்கிறது, அதேன் இஞ்ச இவ்வளவு இழுபடுது? மருமோன் கேக்கச் சொன்னவர்.”

“மருமோனுக்கு அதிலென்ன?”

“அவரின்ர பேஸ்மன்ட்டிலதானே தம்பி அது இருக்கு. ஸ்காபுரோவில, வீட்டுக்குக் கீழ, உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில ஒரு பெரிய கொம்பியூட்டர். எங்கட பேப்பர், செத்த வீட்டு அறிவித்தல், கோயில் எல்லாம் அதுக்குள்ளதான். பேரன் அதில ஏறியிருந்து சோறு தின்னுறவன்.”

மஸாஹிர் சிரிக்க வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது.

பேப்பர் ஸ்காபுரோவில். மரண அறிவித்தல் ஸ்காபுரோவில். நல்லூர்க் கோயிலும் முறிகண்டிப் பிள்ளையாரும் ஸ்காபுரோவில் ஒரு தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில். அப்படியென்றால் இங்கிலீசில் கிடக்கிற பரீட்சைத் திணைக்களம்? அது கொழும்பில். பஸ் ஏறினால் போய் இறங்கக்கூடிய கொழும்பில். அதைத்தான் அவன் வெள்ளைக்காரன் என்று டிஷ்ஷுக்கு விட்டிருக்கிறான். அது கூரையிலிருந்து வானத்துக்கு ஏறி, ஐரோப்பாவில் எங்கேயோ இறங்கி, கடலுக்கு அடியால் கொழும்புக்கு வந்து, திரும்ப அதே பாட்டையால் பட்டாணிச்சூருக்கு வர வேண்டும். நாடு முழுக்க நெரிபடுகிற நாளில், அவ்வளவு தூரம் சுற்றுகிறது வந்து சேருவதற்குள் திரை காத்திருக்கிற நேரம் முடிந்துவிடும். பட்டாணிச்சூரிலிருந்து வவுனியாச் சந்தைக்குப் புத்தளம் சுற்றிப் போன கதை. பக்கத்தில் இருக்கிற கொழும்புக்குப் போக வேண்டிய கம்பியிலோ, தமிழ்ப் பேப்பர் முழுவதும் கனடாவிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தது. தன் மொழி என்றால் உள்ளூர் என்று நினைக்கிறவன் வேறு எந்த நாட்டில் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பான். எங்களுடைய ஆட்களின் தமிழ் எப்போதோ விமானம் ஏறிவிட்டது என்பதை அவன் கணக்கில் எடுக்கவில்லை.

கண்டுபிடித்தவன் உடனே எழும்பியிருக்க வேண்டும். அவன் எழும்பவில்லை.

ஏன் என்றால், அவன் மனதுக்குள் இன்னொன்று கிடந்தது. கஷ்டப் பிரதேசத்துக்குப் போகச் சம்மதிக்கிறவர்களுக்கு நியமனம் முதலில் என்று கந்தோரில் சொன்னதை ஹாலிதா அவனுக்கு ஒருநாள் சொன்னாள். தண்ணீரூற்றில் பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள், திரும்பிப் போன சில குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்க ஆளில்லை என்பதையும் சொன்னாள். மிச்சத்தை அவள் கண்தான் சொன்னது. “ஓம், ஓம், பாப்பம்,” என்று அவன் நழுவிவிட்டான். தண்ணீரூற்றில் டெலிபோன் கம்பி கிடையாது. டிஷ் பூட்ட விடுவார்களோ தெரியாது. அங்கே மஸாஹிர் நெட் இல்லை, ரவுடி இல்லை, வந்து வாய் பார்க்க ஆட்கள் இல்லை. அங்கே அவன் கச்சான்காரர் மகன்; அவ்வளவுதான்.

சும்மா இருந்தால் போதும். இன்னும் கொஞ்சத்தில் கந்தோரை மூடிவிடுவார்கள். பழி காற்றுக்குப் போகும். டிஷ்ஷுக்குப் போகும். கொழும்பில் கூடிய ஆட்களுக்குப் போகும். ஒரு குருவிக்கும் தெரியப்போவதில்லை.

அவன் ஹாலிதாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன் புத்தளத்துக் கொட்டிலில், உயர்தரப் புத்தகம் ஒன்றை மழை ஒழுக்குப் படாமல் மடியில் வைத்துக்கொண்டு இதே மாதிரிச் சுவரைப் பார்த்திருந்த பெட்டையை அவனுக்குத் தெரியும். அன்று அவளிடமிருந்து சோதனையைப் பறித்தவர்கள் யாரோ. இன்று பறிக்கப் பார்க்கிறவன் யார் என்று நினைத்தபோது மஸாஹிருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பினான்.

“எல்லாரும் ஒருக்காக் கையை எடுங்கோ. பிழை கொழும்பிலயும் இல்ல, காத்திலயும் இல்ல. பிழை என்ரை. உள்ளூரையும் வெளிநாட்டையும் நான் மாறிப் போட்டிட்டன். நிப்பாட்டித்தான் திருத்தோணும்.”

மஸாஹிர் தன் பிழையென்று சொன்னதை அதற்கு முன் கேட்டவர் யாரும் அங்கே இல்லை.

“என்ன தம்பி, மாறிப் போட்டனீங்கள்?” என்று வீரகத்தி கேட்டார்.

“உங்கட மருமோன்ர பேஸ்மன்டை வவுனியா எண்டு நினைச்சிட்டன், அண்ணை.”

முற்றம் வரைக்கும் சிரிப்பு போனது. வீரகத்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, திரைக்குக் குனிந்தார். “பிள்ளை வினோஜா, பேந்து கதைப்பம். இஞ்ச பிள்ளையளுக்கு றிசல்ட்ஸ் பாக்கோணுமாம். உன்ர அவருக்குச் சொல்லு, அவராலதான் இவ்வளவு வில்லங்கமும் எண்டு.” பேரன் கையசைத்தபடியே மறைந்துபோனான்.

மஸாஹிர் ரவுடிக்கு முன்னால் குந்தினான். கம்பிக்கு என்று எழுதியிருந்த தமிழ்ப் பக்கங்களை ஒவ்வொன்றாக அழித்தான். அழிக்க அழிக்கக் கம்பி வெறுமையானது. பரீட்சைத் திணைக்களத்தின் இலக்கத்தைத் தேடி எடுத்து, உள்ளூர், கம்பிக்கு என்று எழுதினான். பெட்டியை நிப்பாட்டி, மூச்சை ஒருக்கா இழுத்து விட்டு, திரும்பப் போட்டான். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. பக்கத்தை அமத்தினான்.

அது சுற்றவே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்ற ஆள் மாதிரி உடனே வந்து நின்றது.

பெட்டைகள் கத்திக்கொண்டு முன்னால் நெருங்கினார்கள். மஸாஹிர் கையை நீட்டி மறித்தான். “பொறுங்கோ, பிள்ளையள். முதல்ல ஒரு ஆளுக்குப் பாக்கோணும்.” திரும்பி மூலையைப் பார்த்து, “ஹாலிதா, சுட்டெண்ணைச் சொல்லுங்க,” என்றான்.

அவள் தலை நிமிர்த்தினாள். பெட்டைகள் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பிளந்தாள்.

“ரீச்சர், நீங்களும் எழுதினீங்களே?”

ஹாலிதாவுக்கு முகம் சிவந்துபோனது. ஓம் என்று தலையசைக்கத்தான் முடிந்தது. மற்றப் பெட்டை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினாள். “முதல்ல ரீச்சருக்குப் பாருங்கோ. நாங்கள் நிக்கிறம்.” பத்துமணியிலிருந்து கால்கடுக்க நின்ற பிள்ளைகள் அவர்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

ஹாலிதாவுக்குத் தன் பரீட்சைச் சுட்டெண் மனப்பாடம். ஆனால் சொல்லும்போது நடுவில் ஒரு இலக்கம் மாறிப்போய், திரும்ப முதலிலிருந்து சொன்னாள். மஸாஹிர் அடித்தான்.

தமிழ், பி. இஸ்லாமிய நாகரிகம், சி. அரசியல் விஞ்ஞானம், எஸ்.

மூன்றும் சித்தி. ஹாலிதா “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால் அழுதாள். பெட்டைகள் தங்கள் முடிவை மறந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். வேலிக்கு அப்பால் கமலாட்சி அக்கா ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தொண்டர் ஆசிரியைமாரின் பதிவு அன்றோடு முடிவது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. “அழுது முடிச்சா ஒருக்கா மணிக்கூட்டையும் பாருங்கோ, கந்தோர் மூடப்போறாங்கள்,” என்று உரத்துச் சொன்னார்.

தாள் அச்சாகி வெளியே வந்ததும் மஸாஹிர் அதைச் சூடாறவிடாமல் பறித்தான். கடையை வீரகத்தியிடம் விட்டான். “அண்ணை, பிள்ளையளுக்கு வரிசையாப் பாத்துக் குடுங்கோ. சுட்டெண்ணை அடிச்சாச் சரி.” வாழ்க்கையில் மகளின் முகத்தைத் தவிர வேறொன்றையும் கணினியில் பார்த்திராத வீரகத்தி, சால்வையைச் சரிசெய்துகொண்டு பெரிய அதிகாரி மாதிரி இருந்தார்.

மோட்டார் சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்றில் புழுதி முகத்தில் அடித்தது. பின்னால் ஹாலிதா ஒரு கையால் தாளை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள். வாய் மூடாத மனிதன் குருமன்காட்டுச் சந்தி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

“என்ன, கதையைக் காணேல்ல?” என்றாள்.

“காத்து,” என்றான்.

பதினாலு வருஷம் ஒரு அடுப்பில் சமைத்தவளுக்கு, காற்று எது, மனசு எது என்று தெரியாமல் இருக்குமா?

கந்தோரில் பதிவு செய்துகொண்டிருந்த சிவலட்சுமி மிஸ் பைல்களைக் கட்டி அலுமாரிக்குள் வைக்கத் தொடங்கியிருந்தார். மூச்சிரைக்க வந்து நின்ற இரண்டு பேரையும் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். தாளை வாங்கி வாசித்தார். முகத்தில் மெல்லிய சிரிப்பு வந்தது.

“மூண்டும் பாஸ். வேலையும் செய்துகொண்டு படிச்சிருக்கிறீங்கள், நல்லது,” என்றபடி பைலை அவிழ்த்து, பெயரை எழுதினார். “விருப்பமான பாடசாலை எது? யோசிச்சுச் சொல்லுங்கோ. பேந்து மாத்தேலாது.”

ஹாலிதா வாயைத் திறந்தாள். ஒரு கணம் திரும்பி மஸாஹிரைப் பார்த்தாள். சட்டையெல்லாம் டிஷ் புழுதி, தலைமயிர் கலைந்து, கூரைத் தகரம் கீறிய கையோடு அவன் சுவரோரம் நின்றான். அவள் மிஸ்ஸிடம் திரும்பினாள்.

“வவுனியாவுக்குள்ள எது கிடைச்சாலும் பரவாயில்ல, மிஸ்.”

சிவலட்சுமி மிஸ் பேனையைத் தாளில் வைத்தார்.

“இல்ல மிஸ்,” என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. “தண்ணீரூற்று எண்டு போடுங்கோ.”

மிஸ் பேனையை எடுத்துவிட்டார். ஹாலிதா திரும்பவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தண்ணீரூற்றோ?” என்றார் மிஸ். “கரண்டில்ல, போன் இல்ல, பஸ்ஸும் நினைச்சாத்தான் வரும். ஆத்திரத்தில சொல்லாதேங்கோ, தம்பி. அங்க அவவுக்கு ஆர் இருக்கினம்?”

மஸாஹிர் சுவரை விட்டு மேசைக்குப் பக்கத்தில் வந்தான்.

“நான் இருப்பன், மிஸ்,” என்றான் மஸாஹிர். “நான் அந்த ஊர் ஆள்தான்.”

சிவலட்சுமி மிஸ் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினார்.